செங்கொடி எழுதிய தேதி

காலை ஏழு மணிக்குப் போன் அடிக்கும். செங்கொடி அப்போது தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருப்பாள், அல்லது தண்ணி லாரிக்குக் குடங்களை வரிசையில் நிறுத்திவிட்டுப் படியேறிக்கொண்டிருப்பாள். எண்ணெய்க் கையோ ஈரக் கையோ, அப்படியே எடுத்துக் காதில் வைத்துக்கொள்வாள்.

“கீறியா?” என்று கேட்கும் மறுமுனை.

“கீறேன்” என்பாள் செங்கொடி.

பேச்சு அவ்வளவுதான். எண்ணூர்ப் பக்கம் நெட்டுக்குப்பம் என்ற மீனவ ஊரில் பட்டம்மாள் போனை இடுப்பில் செருகிக்கொண்டு இறால் கூடையைத் தூக்கிக் கிளம்பிவிடுவாள். போன மே மாதக் கடைசியிலிருந்து ஒரு நாள் தவறாமல் இது நடக்கிறது. இதை நலம் விசாரிப்பு என்று சொல்ல முடியாது. சாப்பிட்டாயா, தூங்கினாயா என்றெல்லாம் பட்டம்மாள் கேட்பதில்லை. ஆள் உயிரோடு இருக்கிறாளா என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரிய வேண்டும்.

செங்கொடிக்கு ஐம்பத்து நான்கு வயது ஆகிறது. சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை. நான்கு மாடி ஏறினாலும் இரைக்காது. இருந்தாலும் அவள் உயிர்மேல் நெட்டுக்குப்பத்துக்கு ஒரு சந்தேகம் உண்டு. அந்தச் சந்தேகத்தைத் தன் கையாலேயே எழுதி, மூன்று நகல் எடுத்து, கீழே கையெழுத்தும் போட்டு ஊருக்குள் அனுப்பியவள் அவளேதான்.

திருவொற்றியூர் தாலுகா அலுவலகத்தின் எதிர்ச்சாரியில், மின்சாரப் பெட்டிக்கும் கரும்புச்சாறு வண்டிக்கும் நடுவே ஒரு மடக்கு மேசை கிடக்கும். அதன் பின்னால் செங்கொடி இருப்பாள். மனு எழுதுவது தொழில். கொண்டையில் செருகியிருக்கும் பேனாவுக்கு மூடி கிடையாது. அதனால் பிடரியில் எப்போதும் ஒரு நீலக் கறை. சாதிச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ரேஷன் அட்டையில் பெயர் சேர்த்தல், நீக்கல், முதியோர் உதவித்தொகை என்று முப்பது வருஷமாக அந்தக் கடற்கரையின் பிறப்பும் இறப்பும் அவள் மேசையைக் கடந்துதான் அரசாங்கத்துக்குள் நுழைந்திருக்கின்றன. தெருவுக்கு இரண்டு கணினி நிலையம் வந்துவிட்டது. ஆனாலும் பக்கத்துக் கடையில் கணினி வைத்திருப்பவரே தன் தாயாரின் உதவித்தொகைக்கு இவளிடம் வந்து கையால் எழுதி வாங்கிக்கொண்டு போனார். காரணம் கேட்டால் கைராசி என்பார்.

ஒவ்வொரு கட்டத்தையும் நிரப்பியதும் செங்கொடி குனிந்து அதன்மேல் ஒருமுறை ஊதுவாள். மை காய்வதற்காம். ஜெல் பேனா மை தானே காய்ந்துவிடும் என்று அவளிடம் சொல்ல இதுவரை யாரும் துணியவில்லை. மனுக் கொடுக்க வருகிறவர்களுக்கோ அந்த ஊதலில்தான் நம்பிக்கை. “க்கா, தேதிய ஊதல நீ” என்று நினைவூட்டி, இரண்டாம் முறை ஊதச் சொல்லி வாங்கிப்போகிறவர்கள் உண்டு.

அவளுக்கு ஒரே ஒரு கொள்கை. அதை நாளுக்கு நாற்பது முறை சொல்வாள்: “கட்டத்த காலியா வுடாத.” தந்தை பெயர் தெரியாதவனுக்கும் அவள் மேசையில் ஏதாவது ஒரு தந்தை கிடைத்துவிடுவார்.

இப்படிப்பட்ட ஒருத்தி கலைக்குள் எப்படி வந்தாள் என்பதற்கு ஃப்ரெடிதான் பதில் சொல்ல வேண்டும். ஃப்ரெடி ராயபுரத்தில் பேண்டு வாத்தியக் குழு வைத்திருப்பவன். கல்யாணம், தேர்பவனி, அடக்க ஊர்வலம் எல்லாவற்றுக்கும் டிரம்பெட் ஊதுவான். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் கையில் ஒரு புத்தகத்தோடு வந்தான். மாவட்டத்தில் உள்ள கலை, மரபு, இலக்கிய வேலைகளுக்கு நிதி ஒதுக்கும் குழு ஒன்று வெளியிட்ட திட்டப் புத்தகம் அது. எந்தப் பகுதியில் என்னென்ன கலை இருக்கிறது, எதற்கு எவ்வளவு கொடுக்கலாம் என்று அட்டவணை போட்டிருந்தார்கள். கிழிந்த டிரம் தோலுக்கு அதில் ஏதாவது தேறுமா என்று கேட்க வந்திருந்தான் ஃப்ரெடி.

செங்கொடி அட்டவணையைப் பார்த்தாள். தெற்குப் பகுதிக்கு நான்கு பக்கம் எழுதியிருந்தது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்ற வரிசைக்கு நேரே கலை வடிவங்கள் என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. மரபு இடங்கள் என்பதிலும் கோடு. குழுக்கள் என்பதிலும் கோடு.

“யார்ரா இங்க கோடு போட்டது?”

“எழுத ஒண்ணும் இல்லன்னா கோடு போட்டுருவாங்கக்கா.”

“காலைலருந்து பொழுது சாயற வரைக்கும் ஊருக்கே எழுதிகினு கீறேன். எங்க ஊருக்கு எழுத ஒண்ணும் இல்லியா?”

டிரம் தோல் அன்றே மறந்துபோயிற்று. அந்தக் கோடு அவளைத் தூங்கவிடவில்லை. காலிக் கட்டத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம், எழுத மறந்திருப்பார்கள். கோடு போடுகிறவன் யோசித்துவிட்டுத்தான் போடுகிறான். மறுவாரமே ‘வடகடலோரக் கலை மரபுத் திட்டக் குழு’ பிறந்தது. தலைவராக இருக்க மூன்று பேர் போட்டியிட்டார்கள். செயலாளர் பதவிக்குப் போட்டியில்லை, மேசை அவளுடையது.

இதில் ஒரு சிறிய சங்கடம் உண்டு. செங்கொடிக்குக் கலை ஆகாது. கூத்தோ கச்சேரியோ, மூன்றாவது நிமிடம் தலை சாய்ந்துவிடும். ஃப்ரெடியின் குழு அவள் காதருகே அணிவகுத்துப் போனபோதும் உறங்கியிருக்கிறாள். பெரிய வெள்ளி நாடகத்தில் ஏசுவைச் சிலுவையில் ஏற்றும் கட்டத்தில் குறட்டை விட்டதற்காக முன்வரிசை வியாகுலம்மாள் இன்றுவரை அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

கலைஞர்களை அவள் மனுதாரர்கள் என்றுதான் சொல்வாள். அப்படியே நடத்தவும் செய்வாள். வியாசர்பாடியில் பறைக் குழு நடத்துகிற சங்கமித்ராவை எதிரே உட்காரவைத்து விசாரித்தாள்.

“பறை எத்தினி வருசத்து கலை?”

“ரெண்டாயிரத்துக்கு மேலன்னு போடுங்கக்கா.”

“ஆதாரம் கீதா?”

“சங்கப் பாட்டுல கீது.”

“நகல் எட்த்துகினு வா. மேல ஆபீசர் கையெழுத்து வாங்கிடு, செல்லாதுன்னு சொல்லிடப் போறானுங்க.”

ஏசுவாக நடிக்கும் ஆண்ட்ரூவிடம் நிரந்தர முகவரிச் சான்று கேட்டாள். கேரம் ஆட்டத்தைக் கலையில் சேர்ப்பதா மரபில் சேர்ப்பதா என்று ஒரு மாதம் விவாதம் நடந்தது. கடைசியில் இரண்டிலும் சேர்த்துவிட்டாள். எந்தக் கட்டமும் காலியாக இல்லை.

அவள் நாள் குறிக்கும் விதமே தனி. மற்ற இடங்களில் விழாவுக்கு நாள் பார்க்கிறவர்கள் பஞ்சாங்கத்தைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் பிரமுகரின் நாட்குறிப்பைப் பார்ப்பார்கள். செங்கொடி முதலில் தண்ணி லாரி வரும் நாளைப் பார்த்தாள். லாரி வருகிற நாளில் தேவலோகத்திலிருந்து ஆட வந்தாலும் திருவொற்றியூரில் ஒரு பெண் வெளியே வந்து உட்கார மாட்டாள். அடுத்தது ஷிப்ட். மதிய ஷிப்டுக்குப் போகிற தெருவில் மாலை நிகழ்ச்சி வைத்தால் நாற்காலிகள்தான் ரசிக்கும். அதற்கடுத்தது காற்று. மேற்கே மணலி ஆலைப் புகைப் பக்கத்திலிருந்து காற்றடிக்கும் மாதங்களில் டிரம்பெட் ஊதுகிறவனை மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்வது பாவம். பிறகு தவக்காலம், ஏப்ரல் பதினான்கு, ஆடித் திருவிழா, விசைப்படகுகள் கடலுக்குப் போகாத அறுபத்தொரு நாள் என்று எல்லாவற்றையும் ஐந்து நிறத்தில் ஒரு சிமெண்டுக் கம்பெனி காலண்டரில் குறித்தாள். வருஷத்தில் பதினேழு நாள் வெள்ளையாக மிஞ்சியது. அந்தப் பதினேழுக்குள் பன்னிரண்டு நிகழ்ச்சிகளைப் பொருத்தினாள்.

இப்படியாக மூன்று வருஷம் மனு போனது, மூன்று வருஷமும் திரும்பியது. ஒருமுறை நகல் குறைந்தது. ஒருமுறை தொன்மைக்குச் சான்று போதவில்லை. மூன்றாம் முறை புயல் வெள்ளத்தில் கடைசித் தேதி அடித்துக்கொண்டு போனது. இதற்கிடையில் புத்தகத்தின் புதிய பதிப்பு வந்தது. கோடுகள் அப்படியே இருந்தன, கொஞ்சம் தடித்த எழுத்தில்.

நான்காம் மனு போன ஜனவரியில் தயாரானது. பதினோரு நிகழ்ச்சிகளுக்கு எல்லாக் கட்டங்களும் நிரம்பிவிட்டன. ஏழாவது மட்டும் பாக்கி. அது மரண கானா. புளியந்தோப்பு ஜெயவேலின் குழு. பகலில் ஜெயவேல் லோடு ஆட்டோ ஓட்டுவான். எந்தத் தெருவிலாவது சாவு விழுந்தால் ஆட்டோவை அப்படியே ஓரங்கட்டிவிட்டு, டேப் என்கிற தோல் மேளத்தை எடுத்துக்கொண்டு போய் நிற்பான். செத்தவர் யார், யார் வயிற்றில் பிறந்தார், எதற்குக் கோபப்படுவார், எந்தக் கடையில் டீ குடிப்பார் என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் நாலு வார்த்தை கேட்டுக்கொண்டு, அங்கேயே கட்டிப் பாடுவான். பங்காளிச் சண்டையில் முகம் பார்க்காமல் நின்ற அண்ணன் தம்பிகளை அவன் பாட்டு கட்டிப்பிடித்து அழவைத்திருக்கிறது.

“தேதி?” என்றாள் செங்கொடி, பேனாவைக் கட்டத்தின்மேல் வைத்தபடி.

“தேதியா? இன்னாக்கா கேக்கற? எவன் எப்ப போவான்னு எனக்கு இன்னா தெரியும்?”

“தோராயமா சொல்லு.”

“சாவுக்கு ஏதுக்கா தோராயம்?”

“கட்டம் காலியா கீதேடா.”

“வுட்டுருக்கா. வந்தா பாடுவேன். அவ்ளோதான்.”

வுட்டுவிடுகிறவளா அவள்? காலண்டரைப் பார்த்தாள். மே இருபத்தைந்து வெள்ளையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை. லாரி வராது. கடல் காற்றுதான் அடிக்கும். தடைக்காலம் என்பதால் விசைப்படகு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் இருப்பார்கள். இடம் என்ற கட்டத்தில் நெட்டுக்குப்பம் என்று எழுதினாள். ஜெயவேல் அங்கே நிறையப் பாடியிருக்கிறான், இடவசதியும் உண்டு. நேரம், மாலை நான்கு. ஒவ்வொன்றாக ஊதினாள்.

ஏப்ரலில் பதில் வந்தது. திட்டம் கொள்கை அளவில் ஏற்கப்பட்டது. செங்கொடி கடிதத்தை மூன்று முறை படித்தாள். கரும்புச்சாறு வண்டிக்காரருக்கும் படித்துக் காட்டினாள். இரண்டாம் பக்கத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. பன்னிரண்டில் ஒரு நிகழ்ச்சியை நேரில் பார்க்க மதிப்பீட்டு அதிகாரி வருவார். மனுவில் குறித்த தேதியில், குறித்த இடத்தில் அது நடைபெறாவிட்டால் திட்டம் முழுவதும் தள்ளுபடி. அதிகாரி தேர்ந்தெடுத்திருப்பது ஏழாவது நிகழ்ச்சி.

அப்போதும் அவள் பயப்படவில்லை. திட்டத்தின் நகலைப் பெருமையோடு மேசையின் முன்பக்கத்தில் ஒட்டிவைத்தாள். அதைத்தான் பட்டம்மாளின் மகன் தவசிமுத்து, ரேஷன் அட்டைக்கு வந்த இடத்தில், வாய்விட்டுப் படித்தான்: “மரண கானா. நெட்டுக்குப்பம். இருபத்தஞ்சி அஞ்சி. மாலை நாலு மணி.” படித்துவிட்டு வந்த வேலையைக்கூட முடிக்காமல் வண்டியைத் திருப்பினான்.

மறுநாள் காலை பட்டம்மாள் மேசை முன்னால் நின்றாள். இறாலைக் கூறு போட்டு விற்கும் கை, மேசையை ஓங்கித் தட்டியது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்துவிட்டு அந்த வாரம்தான் வீடு திரும்பியிருந்தாள்.

“ஏம்மே செங்கொடி, எனக்கு மே மாசம் போட்டுக்கிறியாமே?”

“உனக்குன்னு யாருக்கா சொன்னது?”

“எங்க ஊர்ல இப்ப ஆஸ்பத்திரிலருந்து வந்தவ நான் ஒருத்திதான். வேற யாருக்கு?”

“அது பாட்டு நிகழ்ச்சிக்கா.”

“டபாய்க்காத. என் ஓஏபி பென்சன் மனு எழுதி ஊதுன, மூணாம் மாசம் பணம் வந்துச்சி. தவசிக்கு வூட்டு வரி பேர் மாத்தி ஊதுன, வந்துச்சி. நீ எழுதி எது வராம போச்சி, சொல்லு?”

முப்பது வருஷம் சேர்த்த கைராசி அன்றைக்கு எதிர்க்கட்சி வக்கீலாக வந்து நின்றது.

பட்டம்மாள் குரலைத் தணித்தாள். “இன்னா பண்ற, ஆகஸ்டுல போட்டுக்குடு. ஜூன்ல பேத்திக்குக் கல்யாணம் கீது. அத்தப் பாத்துட்டுப் போறேன்.”

“அடிச்சித் திருத்தனா மனு செல்லாதுக்கா.”

“அப்ப நான் போனாலும் பரவால்ல, உன் பேப்பர்ல கிறுக்கல் வரக்கூடாது. அப்டித்தான?”

அன்று முழுவதும் செங்கொடி எழுதிய எந்தக் கட்டத்தையும் ஊதவில்லை என்று கரும்புச்சாறு வண்டிக்காரர் சொல்கிறார்.

குழு கூடியது. ஜெயவேலைக் கூப்பிட்டு, சும்மா மேடை போட்டு ஒரு பாட்டு பாடிவிடு என்றார்கள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். “செத்தவங்க பேரு வோணும்க்கா. அப்பன் பேரு வோணும். எதிர்ல நாலு பேராவது அழுவணும். காத்தப் பாத்து எப்டிப் பாடறது? எங்கப்பா காலத்துலருந்து பொய்க்குப் பாடனதில்ல.” அதற்குமேல் அவனை யாரும் வற்புறுத்தவில்லை.

ஃப்ரெடி ஒரு யோசனை சொன்னான். பெரிய வெள்ளி நாடகத்தில் ஏசுவைச் சுமக்கிற பாடை கோவில் கிடங்கில் இருக்கிறது. அதை வெள்ளைத் துணி போட்டு வைத்துக்கொள்ளலாம். ஊர் சார்பில் வந்திருந்த தவசிமுத்து எழுந்து நின்றுவிட்டான். “மாமு, காலிப் பாடை ஊருக்குள்ள வந்தா ஆளத் தேடும். எடுத்துகினு வந்தீன்னா பாடையோட உன்னையும் முகத்துவாரத்துல வுட்டுருவோம்.”

மே இருபதாம் தேதியிலிருந்து நெட்டுக்குப்பம் காலியாகத் தொடங்கியது. வயதானவர்கள், இருமுகிறவர்கள், போன வருஷம் விழுந்து எழுந்தவர்கள் எல்லாரையும் மகள் வீடு, மச்சான் வீடு என்று மணலி புதுநகருக்கும் திருவொற்றியூருக்கும் ஏற்றி அனுப்பினார்கள். ஷேர் ஆட்டோக்காரர்களுக்கு அந்த வாரம் நல்ல ஓட்டம். பட்டம்மாள் மட்டும் நகரவில்லை. “ஓடிப்போனா அட்ரஸ் மாறும். தேதி மாறுமா?” என்று சொல்லிவிட்டு இறால் உரிக்க உட்கார்ந்துகொண்டாள்.

இருபத்தைந்தாம் தேதி. சாமியானா போட்டாயிற்று. எல்லாம் செங்கொடி கணக்கிட்டபடியே இருந்தது. லாரி வரவில்லை, கடல் காற்று வீசியது, ஆண்கள் வீட்டில் இருந்தார்கள். ஆனால் யாரும் பந்தலுக்குள் வரவில்லை. ஊர் முழுக்க வலைக் குவியல்களுக்குப் பின்னாலும் கவிழ்த்துப் போட்ட படகுகளின் மேலும் நின்றுகொண்டு பார்த்தது. பந்தல் நடுவே, வழக்கமாகச் செத்தவரைச் சாய்த்து உட்காரவைக்கும் இடத்தில், யாரோ பழக்கதோஷத்தில் ஒரு நாற்காலியைத் தனியாகப் போட்டிருந்தார்கள். சரியாக மூன்று ஐம்பதுக்குக் காரில் வந்து இறங்கிய அதிகாரி அம்மா, தனக்காகப் போட்டது என்று நினைத்து நேரே போய் அதில் உட்காரப் பார்த்தார்.

“மேடம்! அது வேணாம்!” என்று ஃப்ரெடி ஓடிப்போய் நாற்காலியைப் பின்னால் இழுத்தான். அதிகாரி அம்மா விழாமல் தப்பியது யார் செய்த புண்ணியமோ. அவரைப் பக்கவாட்டில் வேறொரு நாற்காலியில் அமர்த்தினார்கள். அவர் பையிலிருந்து படிவத்தை எடுத்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“நிகழ்ச்சி நாலு மணிக்குத்தானே?”

ஜெயவேல் டேப்பை நெருப்பில் காய்ச்சிவிட்டு, ஒதுங்கி நின்றான். மற்ற பதினோரு மனுதாரர்களும் ஓரமாக நின்றார்கள். சங்கமித்ராவுடன் அவள் குழுப் பெண்கள் இருந்தார்கள், கேரம் பயிற்சியாளர் பீம்ராவ் இருந்தார், ஏசுவாகிய ஆண்ட்ரூவும் இருந்தான். எல்லாரும் செங்கொடியையே பார்த்தார்கள். அதிகாரி அம்மாவின் மடியில் இருந்த படிவத்தைச் செங்கொடி பார்த்தாள். தலைகீழாகத் தெரிந்தாலும் படிவம் அவளுக்குப் படிக்க வரும். ‘நிகழ்ச்சி பற்றிய குறிப்பு’ என்ற கட்டத்தின்மேல் அந்த அம்மாவின் பேனா நின்றுகொண்டிருந்தது. எழுத ஒன்றும் இல்லாவிட்டால் அது என்ன போடும் என்று அவளுக்குத் தெரியும்.

செங்கொடி நடந்து போனாள். தனி நாற்காலியை இழுத்து நடுவில் போட்டாள். முந்தானையால் ஒருமுறை தட்டிவிட்டு உட்கார்ந்தாள்.

வலைக் குவியல்களுக்குப் பின்னால் ஓர் இரைச்சல் எழுந்து அடங்கியது.

“அக்கா, ஏந்துரு” என்றான் ஜெயவேல்.

“பேரு செங்கொடி” என்றாள் அவள். “தகப்பனார் பேரு வேலாயுதம், ஹார்பர்ல மூட்ட தூக்கனவரு. வயசு அம்பத்தி மூணு. கல்யாணம் ஆவல. தொழில் மனு எழுதறது. தேதி நான்தான எழுதனேன்? எனக்கே எழுதனதா வெச்சிக்கோ.”

“வெளாடாதக்கா. வாய்லருந்து பாட்டு வந்துச்சின்னா திரும்பி உள்ள போவாது.”

“கட்டத்த நெரப்பு ஜெயவேலு.”

ஜெயவேல் அவளுக்கு நேரெதிரே வந்து நின்றான். பிறகு டேப்பில் ஒரு விரலை மட்டும் வைத்துத் தட்ட ஆரம்பித்தான். யாரோ கதவைத் தட்டுவதுபோல இருந்தது.

“ஒத்தியூரு ஆபீஸாண்ட ஒத்த மேச கீது தோ,
ஒக்காந்துனு எழுதனவ ஏந்துருச்சிப் போனாளே.
அப்பன் பேரு இல்லாதவனுக்கு அப்பன் பேரு எழுதனா,
அவ பேரச் சொல்லி அழுவ ஒரு புள்ள பெக்காமப் போனாளே.
காகிதத்த ஊதி ஊதி ஊருக்கெல்லாம் சோறு போட்டா,
காலி எடம் வுடாதவ காலி எடம் வுட்டாளே,
அம்மாடி, காலி எடம் வுட்டாளே.”

கவிழ்த்த படகுகளின் மேலிருந்து ஆட்கள் இறங்கி வர ஆரம்பித்தார்கள். ஜெயவேல் அவர்களைப் பார்த்து ஒவ்வொருவர் பெயராக இழுத்துப் பாட்டுக்குள் போட்டான். தவசியின் வீட்டு வரி வந்தது. கடலில் காணாமல் போனவனின் மனைவிக்கு ஏழு வருஷம் விடாமல் எழுதிய மனு வந்தது. பள்ளியில் சேர்க்க மறுத்த பிள்ளைக்கு வாங்கிக்கொடுத்த சான்றிதழ் வந்தது. செங்கொடிக்கே பாதி மறந்துபோயிருந்தது. நடுவில் அவன் வயது ஐம்பது என்று பாடியபோது அவள் சத்தமில்லாமல் மூன்று விரலைத் தூக்கிக் காட்டினாள். அவனும் தாளம் தவறாமல் மூன்று வருஷத்தைச் சேர்த்துக்கொண்டான்.

முதலில் அழுதவள் பட்டம்மாள். மார்பில் அடித்துக்கொண்டு ஓடிவந்து நாற்காலியின் காலைக் கட்டிக்கொண்டாள். “என் தேதிய நீ எட்த்துகினியேடி, கண்ணு!” அவளுக்குப் பின்னால் பெண்கள் கூட்டமாக வந்து உட்கார்ந்தார்கள். நாலு பேர் அழ வேண்டும் என்றான் ஜெயவேல். நாற்பது பேர் அழுதார்கள்.

செங்கொடி மெல்லக் குனிந்து, “கீறேன்க்கா, அழுவாத” என்றாள்.

“வாய மூடு” என்றாள் பட்டம்மாள் அழுகையின் நடுவே. “செத்தவ பேசக்கூடாது.”

அவள் வாயை மூடிக்கொண்டாள். பாட்டு ஐந்தே முக்கால் வரை நடந்தது. அவ்வளவு நேரமும் செங்கொடி கண் கொட்டாமல் விழித்திருந்தாள். இதை வியாகுலம்மாளிடம் சொன்னபோது அவர் நம்ப மறுத்துவிட்டார். அதிகாரி அம்மா குறிப்புக் கட்டம் போதாமல் படிவத்தின் பின்பக்கத்திலும் எழுதியதை மட்டும் எல்லாரும் பார்த்தார்கள்.

ஜூலையில் நிதி வந்தது. ஃப்ரெடியின் டிரம்மில் இப்போது புதுத் தோல். சங்கமித்ராவின் குழுவுக்கு ஒத்திகை பார்க்க மேற்கூரையுள்ள இடம் கிடைத்தது. திட்டப் புத்தகத்தின் புதிய பதிப்பில் வடபகுதிக்கு இரண்டரைப் பக்கம் ஒதுக்கியிருக்கிறார்கள். அந்தப் பக்கங்களைச் செங்கொடி மேசைமேல் ஒட்டிவைத்திருக்கிறாள். ஜூனில் நடந்த பேத்தி கல்யாணத்தில் அவளுக்கு முதல் பந்தி. பட்டம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் சாப்பிடுவதையே கவனித்துக்கொண்டிருந்தாள், ஒழுங்காக விழுங்குகிறாளா என்று. வெள்ளிக்கிழமைகளில் நெட்டுக்குப்பத்திலிருந்து யாராவது வந்து மேசையில் இறால் பொட்டலம் ஒன்றை வைத்துவிட்டு, அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

இந்த ஜனவரியில் அடுத்த வருஷத் திட்டத்துக்குப் படிவம் வந்தது. ஒரு மாலை, அலுவலகம் மூடியபின், செங்கொடி அதை மேசையில் விரித்தாள். எதிரே ஃப்ரெடி கரும்புச்சாறுக் கோப்பையோடு உட்கார்ந்து, ஐந்து நிறக் காலண்டரைப் பிடித்துக்கொண்டிருந்தான். முதல் ஆறும் மடமடவென்று போயின. எழுதினாள், ஊதினாள். ஏழு. கலை வடிவம்: மரண கானா. ஊதினாள். குழு: ஜெயவேல், புளியந்தோப்பு. ஊதினாள். அடுத்தது தேதி.

“மே மாசத்துல ஒரு ஞாயித்துக்கெழம வெள்ளையா கீதுக்கா” என்றான் ஃப்ரெடி.

பேனா கட்டத்தின்மேல் வந்து நின்றது. பிறகு செங்கொடி அதை எடுத்துக் கொண்டையில் செருகிக்கொண்டாள். ஒன்றும் எழுதாத அந்தக் கட்டத்தின்மேல் குனிந்து, மை காய வேண்டும் என்பதுபோல நிதானமாக ஒருமுறை ஊதினாள்.